துருசின் திறப்பு எவர் கையில்?

மென்பொருள் என்ற சொல்லைக் கண்டதும் நமது கமக்காரரிற் பலர், ‘இது கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் காரியம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவ்வாறு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கணினியின் நுட்பமன்று. பொதுச் சொத்தொன்றைப் பலர் கூடி ஆளும் முறை பற்றியே எழுதப் போகிறோம். அம்முறை பற்றிக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்குத் தெரிந்த அளவு நமது பட்டதாரிகளுக்குத் தெரியாது என்பது நமது அபிப்பிராயம்.

குளம் ஊருக்குப் பொது. ஆயினும், சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடியே தீரவேண்டும். குளத்தில் நீர் எத்தனை அடி நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் விடுவது என்பவற்றைப் பேசித் தீர்க்காவிடில், தலைவாய்க்காலில் நிற்பவன் நெல் விளைப்பான். கடைவாய்க்காலில் நிற்பவன் வரம்பில் குந்தியிருந்து வானத்தைப் பார்ப்பான். ‘நீர் எல்லாருக்கும் பொது’ என்று சொல்லிவிட்டால் உரிமை கிடைத்துவிட்டதென்று எண்ணுவோர் உளர். துருசின் திறப்பு எவர் கையில் இருக்கும்? கட்டு உடைந்தால் மண் சுமப்பவர் யார்? அவர்களுக்குக் கூலி கொடுப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு ‘பொது’ என்ற சொல்லில் விடை இல்லை.

திறந்த மூல மென்பொருள் என்பதும் அவ்வாறானதொரு குளமே. கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் மூலப் பிரதியை மறைத்து வைத்து விற்காமல், எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியுடன் வெளியிடுவதையே இப்பெயரால் அழைக்கின்றனர். ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் இன்று நமது சட்டைப் பையிற் கிடக்கும் அண்ட்ரொயிட் தொலைபேசிக்கும் அடித்தளமாயிருக்கிறது. உலகின் வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசாங்கக் கந்தோர்களும் இத்தகைய மென்பொருள்களின் மேல் நிற்கின்றன. நிற்பவர்களுள் எத்தனை பேர் கீழே குனிந்து கட்டைப் பார்த்தனர்?

2014 ஏப்ரில் 7 ஆம் நாள் அக்கட்டில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இடையில் எவரும் படிக்காதபடி மறைத்து அனுப்பும் வேலையைச் செய்வது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மூல மென்பொருள். அதில் 2012 மார்ச் மாதம் வெளியான பதிப்பிலிருந்தே ஒரு வழு இருந்து வந்தது. ஹாட்பிளீட் என்று பின்னர் பெயர் பெற்ற அவ்வழுவைப் பயன்படுத்தி, எவனும் தொலைவிலிருந்தபடியே சேவையகத்தின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரையிலான துண்டுகளை மீண்டும் மீண்டும் அள்ளிச் செல்லலாம். பாதுகாப்பானவை என்று சான்று பெற்ற ஏறத்தாழ 5 இலட்சம் சேவையகங்கள் அன்று திறந்த வீடாய்க் கிடந்தன.

உலகம் திகைத்தது. இத்துணைப் பெரிய சுமையைத் தாங்கியவர் யார் என்று தேடியபோது அது இன்னும் திகைத்தது! முழுநேரமாக அவ்வேலையைச் செய்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்து சேர்ந்த பணம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். ஒப்பந்த வேலைகளால் வேறு சிறிது வருவாய் இருந்ததென்பது உண்மைதான். ஆயினும் கோடிக்கணக்கான டொலர் வியாபாரம் அந்த மென்பொருளின் வழியே நாள்தோறும் சென்றுகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, நமது ஊர்க் கோயில் உண்டியல் எவ்வளவோ மேல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஏப்ரில் 24 இல் லினக்ஸ் பவுண்டேஷன் ஒரு நிதியை அறிவித்தது. கூகுள், மைக்ரோசொவ்ட், பேஸ்புக், அமேசன், இன்டெல், ஐ.பி.எம். முதலிய பெரிய கொம்பனிகள் ஆண்டுக்கு 1,00,000 டொலர் வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுக்க முன்வந்தன. நல்லது. இதே கொம்பனிகள் அதற்கு முந்திய பத்தாண்டுகளாக எங்கே இருந்தன என்று கேட்பது குற்றமாகாது.

பாடம் படித்தார்களா? முழுவதும் படிக்கவில்லை என்பதை 2024 காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளை ஒரு தனி மனிதர் ஊதியமின்றிப் பேணி வந்தார். தாமதம் தாமதம் என்று முகமறியாதோர் பலர் அவரை 2022 இல் நெருக்கினர். தமக்கு மனச்சோர்வு இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். உதவிக்கு வந்தவர் போல் ஒரு புனைபெயர்க்காரர் வந்து, பொறுமையாய் நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, திறப்பையும் பெற்று, ஈற்றில் பின்கதவு ஒன்றை வைத்தார். சேவையகத்துக்குள் நுழைய வழக்கத்திலும் அரைச் செக்கன் கூடுதலாய் எடுக்கிறதே என்று ஐயுற்ற அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற பொறியியலாளர் துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 இல் அதை அம்பலப்படுத்தினார். உலகம் தப்பியது அந்த அரைச் செக்கனால்! களைத்துப்போன ஒருவருக்கு ஊரார் உரிய வேளையில் தோள் கொடுத்திருப்பின், கள்வன் தோள் கொடுக்க இடமேது?

அப்படியானால் பணத்தைக் கொட்டினால் தீர்ந்துவிடுமோ? நமது படித்த நண்பர் சிலர் அவ்வாறே வாதிக்கின்றனர். அவர்கள் டெபியன் என்னும் சமூகத்தின் கதையை ஆறுதலாகப் படிக்கவேண்டும்.

டெபியன் என்பது லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஒரு முழு இயங்குதளம். இயன் மேடொக் என்பவரால் 1993 ஓகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆயிரம் பேரளவில் அங்கத்தவர்கள் பல நாடுகளிலும் இருக்கின்றனர், முதலாளி இல்லை. 1998 டிசெம்பரில் இவர்கள் தமக்கென ஒரு யாப்பை வாக்கெடுத்து ஏற்றனர். சங்கங்களின் யாப்புக்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அவை பதிவுக்காக எழுதப்பட்டுப் பெட்டியில் உறங்குபவை. டெபியனின் யாப்பு அத்தகையதன்று.

அதன்படி தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவார். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்களுடன் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்பதும் ஒரு வேட்பாளர் போலவே நிற்கும். அதை வெல்லாதவர் எவரும் தலைவராகார். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடுவதில்லை. எல்லாரையும் தமது விருப்ப வரிசையில் இலக்கமிடுவார். எவர் மற்ற ஒவ்வொருவரோடும் இருவர் இருவராய் ஒப்பிடும்போது வெல்கிறாரோ அவரே தெரிவாவார். தலைவரோ குழுவோ செய்த முடிவு பிழையெனக் கண்டால், அங்கத்தவர் ஒருவர் பிரேரணை கொண்டுவர, வேறு ஐவர் ஆமோதித்தாற் போதும். அது பொது வாக்கெடுப்புக்குச் செல்லும். யாப்பையே மாற்றுவதற்கு எதிர்ப்பவர்களிலும் மூன்று மடங்கினர் ஆதரிக்கவேண்டும். பணத்தை வேறொரு அறநிலையம் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும். இவை யாவற்றிலும் நமக்குப் பெரிதாய்த் தோன்றுவது வேறொரு விதி. எவரையும் எந்த வேலையும் செய்யுமாறு இந்த யாப்புக் கட்டாயப்படுத்தாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். கூலியின்றி வருபவனை ஏவமுடியாது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு அதன்மேல் ஆட்சியைக் கட்டியிருக்கின்றனர்.

இத்தகைய சமூகத்தில் 2006 இல் பணத்தாற் பூசல் விளைந்தது. டெபியனின் புதிய வெளியீடு எப்போதும் பிந்தியே வரும் என்ற குறை நெடுநாளாய் உண்டு. அவ்வாண்டின் தலைவர் அந்தனி டவுன்ஸ் வேறு சிலருடன் சேர்ந்து, டங்க் டாங்க் என்ற பெயரில் ஒரு நிதியை வெளியே தொடங்கினார். வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்கு ஒவ்வொரு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமாய் உழைக்கச் செய்தால், டிசெம்பர் 4 ஆம் நாளே வெளியீட்டை முடித்துவிடலாம் என்பது எண்ணம். எண்ணத்திற் குற்றம் காண்பது கடினம். வெளியீடு பிந்துவதால் எல்லாரும் இடர்ப்பட்டனர். அவ்விருவரும் திறமை மிக்கவர்கள். பணம் டெபியனின் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டதுமன்று.

ஆயினும் எதிர்ப்புக் கிளம்பியது. ‘நானும் ஆண்டாண்டாய் இரவு விழித்து உழைத்தேன், இருவருக்கு மட்டும் சம்பளம் என்றால் என் உழைப்பு மலிந்ததா?’ என்று சிலர் கேட்டனர். எந்த வேலை கூலிக்குரியது, எது தொண்டுக்குரியது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை இந்நிதிக்குக் கொடுத்தவர் யார் என்று வேறு சிலர் கேட்டனர். சிலர் தம் கையிலிருந்த வேலையை மெல்லத் தளர்த்தினர். தலைவரை விலக்கும் பிரேரணையே வாக்கெடுப்புக்கு வந்தது. அது தோல்வியுற்றது, அவர் பதவியில் நீடித்தார். சொல்லப்பட்ட டிசெம்பர் 4 வந்தது, போயிற்று. வெளியீடு பிறந்ததோ 2007 ஏப்ரில் 8 இல்!

ஊர்க் கோயிலில் தொண்டு செய்பவர்களுள் இருவருக்கு மட்டும் தர்மகர்த்தா சம்பளம் வைத்தால் மற்றவர்கள் மறுநாள் விளக்குமாற்றைத் தொடுவார்களா? இதைச் சொல்லும்போது தொண்டர்களின் பொறாமையைக் குறை கூறுகிறோம் என்று கொள்ளற்க. அவர்கள் கேட்ட கேள்வி சரியானது. நாம் கூலி கொடுப்பதற்கு எதிரிகளல்லர். உழைப்பவனுக்கு வயிறு உண்டு. டங்க் டாங்கின் குற்றம் கூலி கொடுத்ததில் இல்லை. அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிந்த தலைவரே, அவர்கள் வாக்களியாத ஒரு நிதியின் பொறுப்பிலும் இருந்தார். ஒரே ஆள் இரண்டு தொப்பி அணிந்தால் எந்தத் தொப்பியுடன் பேசுகிறார் என்பதை எவர் அறிவார்?

இதற்கு மாறான சான்றும் அங்கேயே உண்டு. 2014 முதல், டெபியனின் பழைய பதிப்புக்களுக்கு நெடுங்காலப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கும் வேலைக்கு, அதனாற் பயனடையும் கொம்பனிகளிடம் பிரெக்சியன் என்ற நிறுவனம் பணம் திரட்டி, வேலை செய்வோருக்கு மணிக்கணக்கிற் கொடுத்து வருகிறது. என்ன செய்தோம் என்று அவர்கள் மாதந்தோறும் பலரறிய எழுதுகின்றனர். பெரும்பாலான தொண்டர்கள் விரும்பாத சலிப்பான வேலை அது. ஆகவே பறிக்கப்பட்டதாய் எவரும் உணரவில்லை. தலைவரின் கை அதற்குள் இல்லை. 2006 இல் எழுந்த புயலைப் போல் ஒன்று இதனால் எழவில்லை.

பணம் சம்பந்தப்படாத பூசல்களும் யாப்பைச் சோதித்ததுண்டு. கணினி எழும்போது முதலில் இயங்கும் மென்பொருள் எதுவாயிருக்கவேண்டும் என்ற விவகாரம் 2014 பெப்ரவரியில் தொழினுட்பக் குழுவுக்கு வந்தது. எண்மரும் நால்வர் நால்வராய்ப் பிரிந்தனர். அக்கிராசனரின் தீர்ப்பு வாக்கினால் சிஸ்டம்-டி வென்றது. பகை அடங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் குழுவினர் மூவர் விலகினர். வேறு சிலர் பிரிந்து சென்று டெவுவன் என்று தனி அடுப்பு மூட்டினர். பிரிந்தவர்களை எவரும் துரோகிகள் என்று வழக்கிட முடியவில்லை, மூலம் திறந்தே இருந்தமையால். இவ்விடத்திற் குளத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையும் சொல்லவேண்டும். நீரை ஒருவன் அள்ளினால் மற்றவனுக்குக் குறையும். மென்பொருளை எத்தனை பேர் பிரதி செய்தாலும் குறையாது. குறைவது, அதைப் பேணும் மனிதரின் நேரமும் பொறுமையும் மட்டுமே. சண்டை யாவும் அவற்றுக்காகத்தான்.

இனி, யாப்பே இல்லாது ஒருவரின் சொல்லால் ஆளப்பட்ட சமூகம் ஒன்றைப் பார்ப்போம். பைதன் என்ற கணினி மொழியை 1989 இறுதியில் எழுதத் தொடங்கி 1991 இல் வெளியிட்டவர் ஒல்லாந்தரான கீடோ வான் ரொசம். ஏதும் பிணக்கு எழுந்தால் இறுதிச் சொல் அவருடையது. ‘ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்று வேடிக்கையாகவே அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தனர். வேடிக்கை இருபதாண்டுக்கு மேல் ஓடியது. 2018 இல் ஒரு சிறு இலக்கண மாற்றம் பற்றிக் கடும் வாதம் மூண்டது. மாற்றத்தை ஏற்றுக்கொண்ட அவர், யூலை 12 ஆம் நாள், தாம் பதவியை விட்டு விலகுவதாய் எழுதினார். வாரிசையும் நியமிக்கவில்லை! எவ்வாறு ஆளப்போகிறீர்கள் என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டுவிட்டார்.

அரசர்கள் முடியைத் துறந்த கதைகள் நம்மிடம் பல உண்டு; துறக்கும்போது வாரிசைக் கைகாட்டாது விட்டவர் அரியர். அங்கத்தவர்கள் ஏழு ஆட்சித் திட்டங்களை எழுதி வாக்குக்கு வைத்தனர். டிசெம்பரில் ஒன்று வென்றது. 2019 பெப்ரவரியில் ஐவர் கொண்ட குழு தெரிவாயிற்று. அவ்வைவருள் கீடோவும் ஒருவர், மற்ற நால்வருக்குச் சமமான ஒரே வாக்குடன். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடவுமில்லை. அந்த விதிகளில் ஒன்றை நமது சங்கங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: ஒரே கொம்பனியிற் சம்பளம் வாங்குவோர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருக்கக்கூடாது. பணம் தரும் கொம்பனி வேண்டும். அதன் ஆட்களும் வேண்டும். ஆயினும் பெரும்பான்மை அதன் கைக்குப் போகக்கூடாது என்பதே கருத்து. மூன்றில் இரு பங்கினர் விரும்பினால் நம்பிக்கையில்லாப் பிரேரணையால் குழுவைக் கலைக்கலாம் என்றும் எழுதியிருக்கின்றனர்.

நம் தீவுக்கும் இக்கதையிற் பங்கு உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நமது கரைகளை வாரிச் சென்றபின், சில நாட்களுக்குள்ளேயே கொழும்பில் மென்பொருள் அறிந்த தொண்டர்கள் கூடி, காணாமற் போனோர், முகாம்கள், வேண்டிய நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து தேடும் மென்பொருள் ஒன்றை எழுதினர். நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹன’ என்ற சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. மூலத்தைத் திறந்து வைத்தனர். 2005 இல் பாக்கிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2010 இல் ஹெயிட்டியில் நடுங்கியபோதும் அது அங்கே பயன்பட்டது. சமூகப் பயன் தந்த திட்டமென்று 2006 ஆம் ஆண்டுக்கான பரிசை அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அதன் பொறுப்பை ஏற்கும் அறநிலையம் 2009 இல் அமெரிக்காவில் அமைந்தது. இதில் எவர்மீதும் நமக்கு மனத்தாங்கல் இல்லை. பல நாட்டவரும் உழைக்கும் திட்டத்துக்குப் பல நாட்டவரும் நம்பும் இருப்பிடம் தேவை. ஆனால் துயரின் வேகத்தில் பிறந்த நல்ல காரியத்தை, துயர் ஆறியபின் எவர் பேணுவது, எந்தப் பணத்தால் என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே விடை கண்டிருக்க முடியாதா என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

தமிழ் எழுத்துருக்கள், எழுத்துப்பிழை திருத்திகள், மென்பொருள்களின் தமிழாக்கங்கள் என்று நம்மவரின் முயற்சிகளும் பல நடைபெறுகின்றன. அவற்றை நடத்துவோர் மனதார உழைப்பவர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் நாம் கேட்பது சில எளிய கேள்விகளே. இணையப் பெயருக்கு ஆண்டுச் சந்தா கட்டுபவர் எவர்? அவர் நோயுற்றால் கடவுச்சொல் வேறு எவரிடம் உண்டு? வெளிநாட்டிலிருந்து அன்பர் ஒருவர் ஆயிரம் பவுண் அனுப்பினால் அதை எவ்வேலைக்குச் செலவிடுவதென எங்கே கூடித் தீர்மானிப்பீர்? இரண்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்காக முரண்பட்டால் முடிவு கூறுபவர் யார், அம்முடிவை மாற்றும் வழி யாது? இவற்றுக்கு ஒரு பக்கத் தாளில் விடை எழுதி எல்லாரும் காண வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பூசல் வந்தபின் எழுதப் புகுந்தால் ஒவ்வொரு வரியும் ஒருவருக்கு எதிராய் எழுதப்பட்டதாகவே தோன்றும்.

நம் இளைஞரிடம் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. டெபியனை ஒரு கணினியில் நிறுவப் புகுந்தால் மொழிப் பட்டியலில் தமிழும் நிற்கக் காணலாம். அது தானாய் வந்ததன்று. எவரோ சிலர் வரி வரியாய் மொழிபெயர்த்தனர். மொழிபெயர்ப்போருக்கும் ஆவணம் எழுதுவோருக்கும் அச்சமூகத்தில் முழு அங்கத்துவம் உண்டா என்ற ஐயம் முன்னர் இருந்தது. 2010 ஒக்டோபரில் பொது வாக்கெடுப்பால் அது தீர்க்கப்பட்டது. நிரல் எழுதாதவரும் அங்கத்தவராகலாம். தலைவரைத் தெரிவதிலும் பிரேரணை கொண்டுவருவதிலும் நிரல் எழுதுபவருக்குள்ள அதே வாக்கு அவருக்கும் உண்டு. அதற்குப் பட்டமோ பணமோ கேட்பதில்லை. முதலிற் சில காலம் வேலை செய்து காட்டவேண்டும். பின்னர் அடையாளத்துக்கான இலத்திரனியல் திறப்பில் ஏற்கெனவே அங்கத்தவராயுள்ளோரின் கையொப்பம் பெறவேண்டும். அவர்களுள் ஒருவர் பரிந்துரைத்தபின் விண்ணப்பம் பரிசீலனைக்குச் செல்லும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கணினி கற்கும் மாணவர்கள் அவ்விண்ணப்பத்தை எழுதுவதற்கு ஆங்கிலம் ஓரளவு வேண்டும். மற்ற வேலையைத் தமிழிலேயே செய்யலாம்.